கூட வேலை செய்கிறவரை வளர்த்துவிடுவது: சிறிய குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில், உப்புவெளிக் கரையோரம் இருக்கும் ஒரு சிறிய ஹோட்டலில் பதினொரு வருசமாக ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சமையலறை, அறைகள், சலவை, தோட்டம் எல்லாம் சேர்த்து 14 பேர். இந்த வழிகாட்டி ஐந்து பேரோ இருபது பேரோ உள்ள குழுவை நடத்துகிறவர்களுக்கானது. கடையோ கராஜோ பாலர் பாடசாலையோ, வரிசை இதுதான்.

வரிசை என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள். எல்லாரையும் கூட்டி, "நாங்கள் ஒரு குடும்பம், உங்கள் வேலைக்கு ஒரு பெரிய அர்த்தம் இருக்கிறது" என்று பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் போன மாதச் சேர்விஸ் சார்ஜ், அதாவது பில்லில் சேர்க்கிற சேவைக் கட்டணத்தில் அவருடைய பங்கு, இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பேச்சு அவர் காதில் ஏறாது. அடுத்த முறை உண்மையாகவே ஏதாவது சொன்னாலும் நம்பமாட்டார்.

தன் வேலையால் யாருக்கு என்ன பயன் என்பதை ஒருவருக்குப் பேசிப் புரியவைக்க முடியாது. அதை அவர் கண்ணால் பார்க்கிற மாதிரி வேலையை அமைத்துக் கொடுக்கலாம். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

80 பக்கக் கொப்பி ஒன்று. ஆளுக்கு ஐந்து பக்கம் ஒதுக்குங்கள். ஃபோனிலும் எழுதலாம்தான். ஆனால் கதைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோனைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பவர் பேச்சைச் சுருக்கிவிடுகிறார். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

முதலாளியிடம் இரண்டு அனுமதி. முதலாவது, ஒரு வேலையைப் பொறுப்பெடுத்தவர் சின்னத் தொகையைக் கேட்காமல் செலவழிக்கலாம் என்பது. நான் கேட்டு வாங்கியது ஒரு பொறுப்புக்கு மாதம் 5,000 ரூபாய். இரண்டாவது, பிழை நடந்தால் முதலாளி அந்த ஆளை நேரே கூப்பிட்டு ஏசாமல் உங்களிடம் கேட்க வேண்டும். இந்த இரண்டாவதை வாங்குவதுதான் கஷ்டம். ஆனால் இது இல்லாமல் தொடங்காதீர்கள். ஒருமுறை எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியவர் அதற்குப் பிறகு சொன்னதை மட்டும் செய்வார்.

நேரம். ஆளுக்கு மாதம் அரை மணித்தியாலம் என்றால் 14 பேருக்கு ஏழு மணித்தியாலம். இதை ரோஸ்டரில் எழுதி வையுங்கள். எழுதாத நேரம் கிடைக்காது.

முதல் மாதம் இரண்டு பேருடன் மட்டும் தொடங்குங்கள். எல்லாரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் விடுவது தொடங்காமல் இருப்பதைவிட மோசம்.

1. முதலில் காசும் லீவும்

சம்பளம் எந்தத் திகதியில் வருகிறது, சேர்விஸ் சார்ஜ் எப்படிப் பிரிக்கப்படுகிறது, லீவு கேட்டால் யார் பதில் சொல்வார் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோட்டல் பில்லில் சேர்க்கிற 10 சதவீதம் எங்கள் தொழிலில் சம்பளத்தில் பெரிய பங்கு. அது எத்தனை பேருக்கு எந்தக் கணக்கில் போகிறது என்பதைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியையும் பாருங்கள். ஊழியரின் சம்பளத்தில் இருந்து 8 சதவீதம், முதலாளி போடுவது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம். பலருக்கு இந்தக் கணக்கே தெரியாது. பத்து நிமிசம் உட்கார்ந்து அவரவர் சம்பளச் சீட்டை வைத்து விளங்கப்படுத்துங்கள். "இவர் எனக்கு மறைக்கவில்லை" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அது இல்லாத இடத்தில் அடுத்த படியில் நீங்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் விசாரணை மாதிரிக் கேட்கும்.

உங்களால் சம்பளத்தைக் கூட்ட முடியாமல் இருக்கலாம். அதை நேரே சொல்லுங்கள். கூட்டித் தருவேன் என்று சாடையாகச் சொல்லி இழுத்தடிக்க வேண்டாம்.

2. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் கரையில் ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. வாடைக்காற்றுத் தொடங்கி, மழை வந்து, கடல் எழும்பி, படகுகள் கரையேறும் மாதங்கள்தான் இதற்குச் சரி. நான் நவம்பரில் கதைக்கத் தொடங்குவேன், ஜனவரியில் பொறுப்புகளைக் கொடுப்பேன், மார்ச்சுக்குள் இரண்டு முறையாவது ஒத்திகை பார்த்துவிடுவேன். சீசன் வரும்போது அந்த ஆளுக்குக் கை பழகியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓஃப் சீசனில்தான் சேர்விஸ் சார்ஜ் விழுகிறது, ஆட்கள் கொழும்புக்கும் மாலைதீவுக்கும் கட்டாருக்கும் போக யோசிக்கிறார்கள். கை சும்மா இருக்கிற, காசும் குறைகிற மாதங்களில் "இங்கே எனக்கு என்ன இருக்கிறது" என்ற கேள்வி தானாக வரும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு வேறு மாதங்கள் பொருந்தலாம். தம்பலகாமத்தில் நெல் ஆலை நடத்துகிறவருக்கு அறுவடை முடிந்த பிறகு. பாடசாலைக்கு டிசம்பர். எதுவானாலும் மும்முரத்தின் நடுவில் தொடங்க வேண்டாம்.

3. தனித்தனியாகக் கதையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் போகும். போக வேண்டும்.

இடம் முக்கியம். அலுவலக அறைக்குக் கூப்பிட்டால் "என்ன பிழை விட்டேன்" என்று யோசித்துக்கொண்டே வருவார்கள். நான் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய், கூடவே கையை வைத்து வேலை செய்துகொண்டு கதைப்பேன். படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்கும்போது ஒருவர் சொல்வதை மேசைக்கு முன்னால் வைத்துச் சொல்லவைக்க முடியாது.

நாளும் முக்கியம். வெள்ளிக்கிழமை மதியத்தில் வைத்தால் கிண்ணியாவில் இருந்து வருகிறவர்களுக்கு ஜும்மா தவறும், அல்லது அரை மனதோடு நிற்பார்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் வேண்டாம். கந்தளாயில் இருந்து வருகிற சிங்களத் தம்பியோடு கதைக்க எனக்கு மொழி முழுக்க வராது. அவருடைய நேரடி மேற்பார்வையாளரை மொழிபெயர்க்க வைத்தேன், அது பிழை. தன் மேலாளர் வாய் வழியாக அவரைப் பற்றியே எப்படிக் குறை சொல்வார்? இப்போது வேறு பிரிவில் இருக்கும், அவருக்குப் பிடித்த ஒருவரைக் கூப்பிடுகிறேன்.

"உங்கள் இலட்சியம் என்ன?" என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்க விரும்பும் பதிலைத்தான் சொல்வார்கள். நான் கேட்பவை இவை:

போன கிழமை எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை?
மற்றவர்கள் உங்களிடம் வந்து என்ன விசயத்துக்கு உதவி கேட்கிறார்கள்?
இங்கே நாங்கள் செய்கிறதில் எதை வேறு மாதிரிச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?
வீட்டில் உங்கள் வேலையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்விதான் அதிகம் தரும். தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். மற்றவர்கள் வந்து கேட்பதைச் சொல்வதில் கூச்சம் இல்லை.

மூன்றாவது கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஸ்டோர் கொப்பியில் ப்ளீச் கணக்கு உதைத்தது. சலவைக்கு எடுத்த போத்தல்கள் செலவாக வேண்டிய அளவுக்குச் செலவாகவில்லை. சலவையில் இருக்கும் அக்காவிடம் போய், "சொன்ன மாதிரி ஏன் போடுறதில்லை?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிப் போடுறேன் மிஸ்" என்றார். அடுத்த இரண்டு கிழமையில் விரிப்புகள் எல்லாம் மஞ்சள் தட்டத் தொடங்கின.

பிறகு ஒரு நாள் கொடிக்கயிற்றடியில் நின்று அவரோடு சேர்ந்து துணி உதறும்போது, "நீங்கள் முதலில் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் ஒரு தலையணை உறையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். தையல் ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு. "எங்கட கிணத்துத் தண்ணி இரும்புத் தண்ணி மிஸ். வாளியில பிடிச்சு வச்சா அடியில செம்மண் மாதிரி நிக்கும். ப்ளீச் பட்டா அது துணியில ஏறிப் பிடிக்குது. போடாத நாள் வெள்ளையா வருது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை ப்ளீச்சில் உள்ள குளோரின் துருவாக மாற்றிவிடும், அந்தத் துரு நூலில் படிந்துவிடும். கறையை எடுக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஊறவைப்பது அவருடைய வழி. இதைச் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ப்ளீச்சும் எலுமிச்சை உப்பும் ஒருபோதும் ஒரே வாளியில் சேரக்கூடாது, நச்சுவாயு வரும். அந்த அக்காவுக்கு அதுவும் தெரிந்திருந்தது, இரண்டையும் இரண்டு தட்டில் பிரித்து வைத்திருந்தார்.

நான் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டபோது அவருடைய அறிவு முழுவதும் ஒரு குற்றமாக மாறிப்போனது. "எப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டபோது வெளியே வந்தது. கேள்வியை இந்த மாதிரித் திருப்பிப் பழகுங்கள்.

கதைத்து முடித்துத் திரும்பி வந்த பிறகு கொப்பியில் எழுதுங்கள், அவர் முன்னால் வேண்டாம். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "ஆர்வம் உள்ளவர்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அது ஒன்றையும் சொல்லாது. "மீன் வெட்டும்போது நேரம் தெரியாது என்றார்" என்று எழுதினால் சொல்லும்.

4. ஒரு முழு வேலையை ஒப்படையுங்கள்

வளர்ச்சி என்றால் பயிற்சி வகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவரைப் பழைய வேலையிலேயே வைத்தால் கற்றது இரண்டு மாதத்தில் போய்விடும். முதலில் வேலையை மாற்றுங்கள். வகுப்புத் தேவை தானாக வரும், அவரே கேட்பார்.

முழு வேலை என்றால் தொடக்கமும் முடிவும் ஒருவர் கையில் இருப்பது. வெங்காயம் உரிப்பது ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டை என்ன சமைப்பது என்று தீர்மானித்து, சந்தையில் வாங்கி, சமைத்து, பரிமாறி, எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பது முழு வேலை. துண்டை மட்டும் செய்கிறவருக்குத் தான் நன்றாகச் செய்தாரா என்று தெரிய வழியே இல்லை. அதை உங்கள் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முழுசாகச் செய்கிறவருக்கு அந்த வேலையே சொல்லிவிடும்.

ஒப்படைக்கும்போது நான்கு விசயம் சொல்ல வேண்டும். முடிந்தது என்றால் எப்படி இருக்கும். எவ்வளவு காசு, எவ்வளவு நேரம். எதற்கு மட்டும் என்னைக் கேட்க வேண்டும். நான் எந்த நாளில் வந்து பார்ப்பேன். சலவை அக்காவுக்கு நான் சொன்னது இது: "வெள்ளைத் துணி முழுக்க உங்கள் பொறுப்பு. வெயிலில் பிடித்தால் கோடு தெரியக்கூடாது. சவர்க்காரம், எலுமிச்சை உப்பு எல்லாம் நீங்களே வாங்கலாம், மாதம் 5,000 வரைக்கும். மெஷின் பழுதானால் என்னைக் கேளுங்கள். ஒன்று விட்டு ஒரு திங்கள் நான் வருவேன்." அவ்வளவுதான். எப்படித் துவைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் படியில் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள்:

அழுக்கான பகுதியை மட்டும் கொடுப்பது. "மலசலகூடம் முழுக்க உங்கள் பொறுப்பு" என்றால் அது தண்டனை. அந்த வேலையைச் செய்கிறவருக்கு அறை முழுவதையும் கொடுங்கள், சாவி உட்பட.

இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுப்பது. இருவரும் நல்லவர்கள் என்றால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார், வேலை நடுவில் கிடக்கும்.

கெட்டிக்காரருக்கே எல்லாவற்றையும் கொடுப்பது. ஆறு மாதத்தில் அவர் களைத்துப் போவார். மற்றவர்களுக்குத் தாங்கள் இரண்டாம் தரம் என்ற எண்ணம் வேரோடிவிடும்.

முதல் பிழையில் திரும்ப எடுத்துக்கொள்வது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மரக்கறிச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்த பொடியன் முதல் வெள்ளிக்கிழமை கத்தரிக்காயை அளவுக்கு மேல் வாங்கிவிட்டார், ஏழு கிலோ மிஞ்சியது. என் கை துடித்தது. ஆனாலும் எடுக்கவில்லை. "மிஞ்சியதை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். வாட்டி, மோஜு போட்டுப் போத்தலில் அடைத்தார். அடுத்த கிழமை வரும் ஆட்களின் எண்ணிக்கையை ரிசப்ஷனில் கேட்டு எழுதிக்கொண்டுதான் சந்தைக்குப் போனார். நான் எடுத்திருந்தால் அந்த எண்ணிக்கையைக் கேட்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்காது.

5. பயன் பெறுகிறவரைக் கண்ணால் பார்க்க வையுங்கள்

2007இல் வெளியான ஒரு ஆய்வை எனக்குத் தெரிந்த எல்லா மேற்பார்வையாளரிடமும் சொல்கிறேன். அமெரிக்காவில் அடம் கிராண்டும் அவருடைய சகாக்களும் செய்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஃபோனில் நிதி திரட்டும் வேலை செய்தவர்களில் ஒரு பகுதியினரை, அந்த நிதியில் புலமைப்பரிசில் பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிசம் கதைக்க விட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் ஃபோனில் செலவிட்ட நேரம் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. சம்பளம் கூட்டவில்லை, உரை நிகழ்த்தவில்லை. ஒரு மனிதரைக் காட்டினார்கள்.

எங்கள் சமையலறையில் நிற்கிறவர்கள் சாப்பிடுகிறவரைப் பார்ப்பதே இல்லை. தட்டு போகும், வெறும் தட்டாகவோ மிச்சத்தோடோ திரும்பி வரும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம்.

கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு தம்பிக்குக் காலைப் பார்சல் பொறுப்பு. திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் விடியவே படகேறிவிடுவார்கள், காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவர் நான்கு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் வைத்து, வாழையிலையில் கட்டுவார். ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. பாதிப் பார்சல் அப்படியே திரும்பி வருவதும் நடந்தது.

படகுக்காரரிடம் கேட்டு ஒரு இடம் வாங்கி, ஒரு நாள் அவரையே படகில் அனுப்பினேன். பத்து மணிக்கு உப்புத் தெறித்த சேர்ட்டோடு நேரே என்னிடம் வந்தார். உட்காரவே இல்லை. "மிஸ், அவங்கட கை ரெண்டும் ஈரம், இலைய அவிழ்க்கவே ஏலாது. அவிழ்த்தா காத்துக்கு இடியப்பம் பறக்குது. ஒரு வயசான அம்மாக்குத் தலைச்சுத்து, சம்பல் மணம் பட்டதும் சத்தி எடுத்துட்டா. நான் வச்சிருந்த பிளேன்டீயக் குடுத்தேன், அதுல இஞ்சி இருந்துச்சு. குடிச்சிட்டு என் கையப் பிடிச்சிட்டே இருந்தா மிஸ்."

அடுத்த நாள் இடியப்பம் இல்லை. தேங்காய் ரொட்டியை நான்காக வெட்டி, ஒரு கையால் பிடிக்கிற அளவில், கட்டைச்சம்பல் கொஞ்சமாக நடுவில் தடவி. கதலிப்பழம் ஒன்று. பிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்டீ. பார்சல் திரும்பி வருவது நின்றது. இப்போது முதல் நாள் இரவே ரிசப்ஷனுக்கு வந்து, "நாளைக்குப் படகில் வயசானவங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

செய்முறை எளிது. ஒவ்வொரு பொறுப்புக்கும் "இதனால் யாருக்கு என்ன ஆகிறது" என்று கொப்பியில் எழுதுங்கள். அந்த ஆளை இவர் சந்திக்க வருசத்தில் ஒரு முறையாவது வழி செய்யுங்கள். நன்றிக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் மட்டும் போதாது, இவரே கேட்க வேண்டும், முடிந்தால் குறையையும் சேர்த்து. பாராட்டை மட்டும் காட்டினால் அதில் செய்ய ஒன்றும் இருக்காது. அந்த ஈரக் கைதான் தம்பியை மாற்றியது.

6. குறை சொல்லும்போது வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்

1996இல் குளூகர், டினிசி என்ற இருவர் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் பின்னூட்டம் கொடுத்த பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையில் இருந்து விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் மேல் போனால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே "நீங்கள் கவனம் இல்லாதவர்" என்று சொல்லாமல் "7ஆம் அறையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மணல் இருந்தது" என்று சொல்லுங்கள். "நீங்கள் கெட்டிக்காரி" என்பதும் இதே வகைதான். "நேற்று வந்தவர்களின் பிள்ளைக்குக் கேட்காமலே சின்னத் தலையணை வைத்தீர்கள், அந்தப் பிள்ளை நன்றாக நித்திரை கொண்டதாம்" என்று சொன்னால் அடுத்த முறை எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே, தனியாக. வயதில் மூத்தவர் என்றால் இன்னும் கவனம். தோட்டத்து ஐயாவிடம் இளம் பொடியன்கள் முன்னால் ஒரு சொல் சொன்னாலும் அது குறை ஆகாது, அவமானம் ஆகிவிடும்.

7. வெளியே செல்லுபடியாகும் ஒன்றை எடுத்துக் கொடுங்கள்

பத்து வருசம் சமைத்தவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருப்பார். இலங்கையில் தேசிய தொழிற்தகைமை என்று ஏழு மட்டங்கள் உள்ளன, ஆட்கள் என்.வி.கியூ என்பார்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் அதில் உண்டு. சமையல், அறைப் பராமரிப்பு, மின்வேலை, வாகனம் திருத்துதல் போன்ற தொழில்களில் இந்த வழியாக 3ஆம், 4ஆம் மட்டம் எடுத்தவர்கள் நிறையப் பேர். நைட்டா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் கேட்டால் உங்கள் தொழிலுக்கு என்ன தேவை என்று சொல்வார்கள்.

உங்கள் பங்கு, சேவைக் கடிதத்தை விவரமாக எழுதிக் கொடுப்பது, மதிப்பீட்டு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது, படிவம் நிரப்பக் கூட உட்காருவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். படிவத்தைக் கொண்டுபோய்ச் சட்டைப்பையிலேயே மூன்று மாதம் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். எழுத்துக்குப் பயம், கேட்க வெட்கம்.

8. எல்லாரும் மேலே ஏற வேண்டியதில்லை

ஒருவரைப் பிடித்துவிட்டால் உடனே மேற்பார்வையாளர் ஆக்கப் பார்ப்பது பொதுவான பிழை. நல்ல கைவேலைக்காரர் ஒருவரை இழந்து, மனமில்லாத மேற்பார்வையாளர் ஒருவரைப் பெறுவீர்கள். தோட்டத்து ஐயா இரண்டு முறை வேண்டாம் என்றார். உவர்மண்ணில் வேம்பும் நித்தியகல்யாணியும் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவருக்குச் சம்பளத்தைக் கூட்டினோம், இரண்டு பொடியன்களைக் கற்றுக்கொள்ள அனுப்பினோம், பதவியைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. சிலருக்கு வாழ்க்கையின் அர்த்தம் வேலைக்கு வெளியே இருக்கும், அதில் ஒரு குறையும் இல்லை. அறைகள் பார்க்கும் ஒரு அக்காவின் மகள் கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறார். அந்த அக்காவுக்கு வேண்டியது மகள் வீடு திரும்பும் நேரத்துக்குத் தானும் வீட்டில் இருப்பது. மூன்று மணிக்கு முடிகிற சிஃப்டை நிரந்தரமாக்கிக் கொடுத்தேன். வேலையில் அர்த்தம் தேடச் சொல்லி அவரை வற்புறுத்தியிருந்தால் அது என் ஆசைக்காக இருந்திருக்கும்.

9. போகிறவரைப் போக விடுங்கள்

நன்றாக வளர்ந்தவர் ஒரு நாள் போவார். இதைப் பயந்து வளர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. வளராதவரும் போகத்தான் செய்வார், அதுவும் சீசன் நடுவில், சொல்லாமல். ஒழுங்காக நடத்தப்பட்டவர் இரண்டு மாதம் முன்பே சொல்வார். அந்த இரண்டு மாதம் பெரிய சொத்து.

அவர் சொன்ன அன்றே முகத்தைத் திருப்பாதீர்கள், மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் பொறுப்பை யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் ஆள் பெரும்பாலும் நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது, ஆனால் சரியாக இருக்கும். கூட நின்று வேலை செய்தவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. கடைசி மூன்று கிழமை இருவரையும் ஒரே சிஃப்டில் போடுங்கள். முதல் கிழமை பழையவர் செய்ய, புதியவர் பார்க்கட்டும். இரண்டாம் கிழமை புதியவர் செய்ய, பழையவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாம் கிழமை பழையவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சேவைக் கடிதத்தில் "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று மட்டும் எழுதாதீர்கள். கொப்பியை எடுத்து, அவருடைய ஐந்து பக்கத்தையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்: எந்தப் பொறுப்பு, எத்தனை மாதம், என்ன மாற்றம் கொண்டுவந்தார். பிரதி ஒன்றை ஃபைலில் வையுங்கள். மாலைதீவில் இருந்தோ டோஹாவில் இருந்தோ ஆறு மாதம் கழித்து ஃபோன் வரும், "மிஸ், அந்தக் கடிதத்த ஃபோட்டோ எடுத்து அனுப்ப ஏலுமா?" என்று.